அரண்மனைக் கூரை ஒழுகினால்

ஜோத்பூர் மன்னர் உமைத் சிங் பதினான்கு ஆண்டுகள் கட்டிய வீட்டில் நான்கு ஆண்டுகள்தான் வாழ்ந்தார். 1929 நவம்பரில் அடிக்கல் நாட்டி 1943இல் முடித்த அந்த வீட்டில் 347 அறைகள். அவர் பெயராலேயே உமைத் பவன் என்று இன்று அறியப்படுகிறது. 1947 ஜூனில் அவர் இறந்துபோனார். இரண்டு மாதத்தில் நாடு விடுதலை பெற்றது. பட்டத்துக்கு வந்த மகன் ஹன்வந்த் சிங், முதல் பொதுத்தேர்தலில் போட்டியிட்டு, முடிவு வரும் நேரத்தில் 1952 ஜனவரியில் விமான விபத்தில் மாண்டார். அடுத்த வாரிசு கஜ் சிங்குக்கு அப்போது வயது நான்கு. ஆள நாடில்லாத ஒரு குழந்தையின் பேரில் 347 அறைகள்!

கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் தங்குவதைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டிலையும் சரவிளக்கையும் விரிவாக எழுதுவார்கள். கூரையைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் எந்தக் கோட்டை ஓட்டலின் கதையும் கூரையில்தான் தொடங்குகிறது. சுண்ணாம்புத் தளம் போட்ட மொட்டை மாடியில் ஒரு விரிசல் விழுகிறது. மழை முடிந்ததும் அதில் ஓர் அரசங்கன்று முளைக்கிறது. கன்றைப் பிடுங்க ஆள் வேண்டும், விரிசலை அடைக்கக் கொத்தர் வேண்டும். பழைய நாளில் இந்தச் செலவு நாட்டின் வரிப்பணத்திலிருந்து போயிற்று. மன்னரின் வீடும் மன்னரின் அரசும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. 1947க்குப் பிறகு புத்தகம் இரண்டானது. கூரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

மன்னர் மானியத்தை இந்திரா காந்தி ஒழித்தார், வருமானம் போன மன்னர்கள் அரண்மனைகளை ஓட்டலாக்கினார்கள் என்பது நாம் அடிக்கடி கேட்கும் கதை. சொல்ல வசதியான கதைதான். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தபோது, மன்னர்களுக்கு ஆண்டு மானியம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 291ஆம் பிரிவு உறுதி கொடுத்தது. மைசூருக்கு 26 லட்சம் ரூபாய், ஜெய்ப்பூருக்கு 18 லட்சம். இதை ஒழிக்கும் மசோதா 1970 செப்டம்பரில் மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை இழந்து தோற்றது. குடியரசுத் தலைவரின் ஆணை வழியே செய்து பார்த்ததை அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கடைசியில் 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம்தான் மானியத்தை முடித்துவைத்தது. ஆனால் ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957லேயே ஓட்டலாகிவிட்டது. உதய்ப்பூர் ஏரி அரண்மனை 1963இல் ஆனது. மானியம் கைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன? ராம்பாக் விஷயத்தில் பதில் ஒரு பதவியில் இருக்கிறது. இணைப்புக்குப் பின் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் மான் சிங் ராஜஸ்தானின் ராஜப்பிரமுகர், அதாவது ஆளுநருக்கு ஒப்பான பதவியில் இருந்தார். ராம்பாக் அவருடைய அதிகாரபூர்வ இல்லம். மாநிலங்கள் மறுசீரமைப்போடு 1956இல் அந்தப் பதவியே இல்லாமல் போனது. பதவி போனதும் அத்தனை பெரிய வீட்டை நடத்துவதற்கான நியாயமும் போனது. மறு ஆண்டே அவர் ஓட்டல் முடிவுக்கு வந்தார். மனைவி காயத்ரி தேவிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. தன்வரலாற்றில் அதை அவர் மறைக்கவும் இல்லை. நம்முடைய ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் வேட்பாளராக 1962இல் ஜெய்ப்பூர் தொகுதியில் மாபெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் அவர்தான். தான் மணமகளாக வந்து வாழ்ந்த அறைகளில் அன்னியர்கள் காசு கொடுத்துத் தங்குவதைப் பார்த்துக்கொண்டே மக்களவைக்குப் போய்வந்தார்.

உதய்ப்பூரின் காரணம் வேறு. பிச்சோலா ஏரியின் நடுவே ஏறத்தாழ நான்கு ஏக்கர் பாறைத் தீவை முழுக்க மூடி நிற்கும் ஜக் நிவாஸ், இரண்டாம் ஜகத் சிங் 1740களில் கட்டிய கேளிக்கை மாளிகை. அதே ஏரியில் இருந்த இன்னொரு தீவு மாளிகையில் நிலா விருந்து நடத்த தந்தை அனுமதி மறுத்ததால் மகன் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார் என்று உதய்ப்பூரில் சொல்வார்கள். வசிப்பதற்குக் கட்டிய வீடு அல்ல. எனவே யாரும் வசிக்கவில்லை. ஈரம் ஏறி வீணாகிக்கொண்டிருந்தது. மன்னர் பகவத் சிங் அதை ஓட்டலாக்கினார். 1971இல் தாஜ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. 1983இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் அதை உலகத்துக்கே காட்டியது. மழை பொய்த்து ஏரி வற்றிய ஆண்டுகளில், தண்ணீரில் மிதக்கும் அரண்மனை என்று விளம்பரம் பார்த்து வந்தவர்கள் வெடித்த சேற்றுத் தரையைப் பார்த்தார்கள்.

பெருமன்னர்களின் அரண்மனைகளைவிட எனக்கு ஆர்வமானவை தாக்கூர்கள் என்னும் சிற்றரசர்களின் கோட்டைகள். கோட்டை என்ற சொல்லுக்கு உண்மையிலேயே உரியவை அவைதான். அகழி, கொத்தளம், யானை முட்டினாலும் திறக்காதபடி இரும்பு முள் பதித்த வாயிற்கதவு எல்லாம் இருக்கும். 1952இல் ராஜஸ்தான் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்து, இந்தச் சிற்றரசர்களின் நிலவரி உரிமையை எடுத்துக்கொண்டது. இழப்பீடு கிடைத்தது, ஆனால் ஆண்டுக்காண்டு வந்த வருமானம் நின்றது. ஷெகாவதிப் பகுதியில் 1755இல் எழுந்த மாண்டவா கோட்டை 1980 வாக்கில் ஓட்டலானது. ஜோத்பூர் அருகே ரோஹட் கட் போன்ற இடங்களும் பிறகு கதவைத் திறந்தன. அங்கே குடும்பமே நிர்வாகம். பல இடங்களில் வீட்டுக்காரரே இரவுச் சாப்பாட்டுக்கு வந்து அமர்ந்து தாத்தாவின் வேட்டைக் கதை சொல்வார். புரூஸ் சாட்வின் என்ற ஆங்கில எழுத்தாளர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூலின் ஒரு பகுதியை ரோஹட் கட்டில் தங்கித்தான் எழுதினார். பேர்போன ஓட்டல் குழுமத்தின் பளபளப்பு இந்தக் கோட்டைகளில் இருக்காது. ஆனால் அடுப்பு அணையாத ஒரு வீட்டில் தங்கும் உணர்வு இருக்கும். என்னைக் கேட்டால், வசதி குறைந்தாலும் இதுவே நேர்மையான ஏற்பாடு.

மூன்றாவது வகை, வாரிசுகளே கைவிட்ட கோட்டை. டெல்லி-ஜெய்ப்பூர் சாலையில் 1464ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் நீம்ராணா கோட்டை, கூரை சரிந்து கிடந்த நிலையில் 1986இல் கைமாறியது. வாங்கியவர்களில் அமன் நாத் வரலாற்று எழுத்தாளர். பிரான்சிஸ் வாக்சியார்க் பிரான்சிலிருந்து வந்து இந்தியராகிவிட்டவர். 1991இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அறைகளோடு திறந்து, வந்த பணத்தில் அடுத்த அடுக்கைப் பழுதுபார்த்து, மலைச்சரிவு நெடுக மேலே ஏறினார்கள். ஒவ்வொரு அறையும் ஒவ்வோர் அளவு. லிஃப்ட்டை நம்பி வருகிறவர்களுக்கு ஏற்ற இடம் அல்ல. கோட்டை ஓட்டல் என்பது மன்னர் குடும்பத்துக்கு வெளியே இருப்பவரும் செய்யக்கூடிய தொழில் என்று காட்டியது நீம்ராணாதான். 2021இல் ஓட்டலாகத் திறந்து, அந்த டிசம்பரிலேயே ஒரு பாலிவுட் திருமணத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்த பர்வாரா கோட்டை வரை இன்று நடப்பதெல்லாம் அந்தப் பாதையின் நீட்சி.

இனி சுவருக்குள் போவோம். கோட்டையை ஓட்டலாக்குவதில் மிகக் கடினமான வேலை எது என்றால் குளியலறை. பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை கட்டியவருக்கு அறைக்கு ஒரு கழிப்பறை என்ற எண்ணமே கிடையாது. கழிவை எடுத்துப்போக ஒரு சாதியைப் பிறப்பிலேயே ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதனால் குழாய்க்கு அவசியமும் இருக்கவில்லை. இன்று ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் குழாய், கழிவுக் குழாய் என்று மூன்று போக வேண்டும். சுவரோ ஒரு மீட்டருக்கு மேல் தடிமன். இரண்டு முகக் கல்லுக்கு நடுவே கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் திணித்தது. அதைத் துளைத்தால் உள்ளே நிரப்பியது கொட்டும். இவ்வளவு செய்து போட்ட குழாய் ஒருநாள் கசிந்தால், ஐந்நூறு ஆண்டு மழைக்கு அசையாத சுவர் ஐந்தே ஆண்டில் உப்புப் பூத்து உதிரும்.

அடுத்த எதிரி சிமென்ட். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். மேலே பளிச்சென்று பூசிய சுவர் உள்ளே அழுகும். நம் ஊரில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்ததுபோல், ராஜஸ்தான் கொத்தர்கள் சுண்ணாம்பில் வெல்லமும் வெந்தயமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். மேலே ‘அராயிஷ்’ என்ற மெல்லிய பூச்சைப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்கள். செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேலைக்கு ஆள் கூப்பிடுவார் இல்லாமல் போயிற்று. அதை மறுபடி சோறு போடும் தொழிலாக்கியதில் கோட்டை ஓட்டல்களுக்குப் பெரும் பங்குண்டு. இந்த ஓட்டல்களை எதிர்த்துப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை மறுக்க முடியாது. ஹைதராபாத்தின் ஃபலக்னுமா அரண்மனையைச் சீர்செய்யப் பத்தாண்டு பிடித்தது. நிஜாம் குடும்பத்து எஸ்ரா முன்னின்று செய்த வேலை அது. 101 பேர் ஒன்றாக உட்காரும் சாப்பாட்டு மேசையோடு 2010இல் அது ஓட்டலாகத் திறந்தது. அரசின் தொல்லியல் துறை கையில் அது இருந்திருந்தால் அந்த மேசை இன்று கயிறு கட்டிய கூடத்தில் தூசி படிந்து கிடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கூரைக்கு யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்கள்தான் வாசலில் யார் நுழையலாம் என்று முடிவு செய்கிறார்கள். இதை விளங்கிக்கொள்ள ஸ்பெயினைப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயினில் அரசே கோட்டை ஓட்டல் நடத்துகிறது. ‘பாரடோர்’ என்று பெயர். 1911இல் உருவான அரச சுற்றுலா ஆணையத்தின் தலைவர் வேகா இன்க்லான் பிரபுவின் யோசனை அது. முதல் பாரடோர் கிரெதோஸ் மலையில் 1928 அக்டோபரில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ முன்னிலையில் திறக்கப்பட்டது. அது புதிதாகக் கட்டிய மலை விடுதி. அடுத்த சில ஆண்டுகளில் ஒரோபேசா, சியுதாத் ரோட்ரிகோ கோட்டைகள் சேர்ந்தன. தனியார் போகத் தயங்கும் உள்நாட்டு ஊர்களுக்குப் பயணிகளைக் கொண்டுபோவதும், அந்த வருமானத்தில் பாழடையும் கட்டடத்தைக் காப்பதும் நோக்கம். பிராங்கோ ஆட்சியில் 1960களில் இந்த விடுதிகள் மளமளவென்று பெருகின. இன்று நூறை நெருங்கும் எண்ணிக்கை. 1991 முதல் ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. 2012இல் நெருக்கடி வந்தபோது ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. அரசு நடத்துவதாலேயே எல்லாம் சுகம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அலார்கோன் கோட்டையிலோ, கட்டலோனியாவின் உப்பு மலைக்கு அருகே நிற்கும் கார்தோனா கோட்டையிலோ, அறை எடுக்காதவரும் உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அந்த ஊர்க்காரர் மகளின் திருமண விருந்தை அங்கே வைப்பார். கோட்டை அவருடையது, குடிமகன் என்ற முறையில் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். ராஜஸ்தானின் பெரிய அரண்மனைகள் பலவற்றில் அறை எண் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது, அல்லது பெரும் தொகைக்குச் சாப்பிட வேண்டும்.

பழமை விஷயத்தில் மட்டும் ஸ்பெயின்காரர்களும் சற்று தாராளம். சிகுவென்சாக் கோட்டை உள்நாட்டுப் போரில் நொறுங்கியது. இன்று விடுதியாக நிற்பது 1970களில் ஏறக்குறைய முழுக்க எழுப்பியது. ஹாயென் நகரின் மலையுச்சியில் 1965இல் திறந்த விடுதி, பழைய கோட்டையின் பக்கத்தில் கோட்டைபோலவே கட்டிய புதுக் கட்டடம். பதவி துறந்திருந்த பிரெஞ்சுத் தலைவர் டி கோல் ஐந்து ஆண்டு கழித்து அங்கே வந்து தங்கினார். உமைத் பவனும் அப்படித்தான். அதைக் கண்டு பழங்கால ராஜபுத்திரக் கலை என்று வியப்பவர்கள், வடிவமைத்த ஹென்றி லாஞ்செஸ்டர் கார்டிஃப் நகர மன்றத்தைக் கட்டிய ஆங்கிலேயர் என்பதை அறிவதில்லை. அதன் வயது ஏறத்தாழ நம் சென்னைப் பாரிமுனை டேர் ஹவுஸின் வயது. லண்டனில் வாங்கிய மேசை நாற்காலிகள் போர்க்காலத்தில் கப்பலோடு மூழ்கின. நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்த போலந்து ஓவியர் ஸ்டீஃபன் நோர்ப்ளின் உள்ளே ராமாயணக் காட்சிகளை ‘ஆர்ட் டெகோ’ பாணியில் தீட்டினார். பழமையைவிடச் சுவையான வரலாறு இது. ஆனால் விருந்தினர் கேட்பது பழமையைத்தான்.

இந்த ஓட்டல்கள் எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன என்பதில்தான் எனக்கு முக்கியமான குறை. ஸ்பெயினின் லியோன் நகரில் சான் மார்கோஸ் என்ற பேரழகான மறுமலர்ச்சிக்கால மடம் இன்று ஐந்து நட்சத்திர பாரடோர். 1936இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின்போது அது பிராங்கோ படையின் சிறைமுகாம். ஆயிரக்கணக்கான கைதிகள் அந்த முற்றத்திலும் நிலவறையிலும் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். பலர் அங்கிருந்து சுட்டுக்கொல்லக் கொண்டுபோகப்பட்டார்கள். 1960களின் நடுவில், அதே ஆட்சி நீடித்தபோதே, அந்தக் கட்டடம் பட்டு மெத்தையோடு திறக்கப்பட்டது. கைதிகள் நினைவுக்கு அங்கே இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜோத்பூரில் மறைப்பு இவ்வளவு கொடியது அல்ல, ஆனால் நுட்பமானது. உமைத் பவன் பஞ்ச நிவாரணப் பணியாக எழுந்தது என்று ஓட்டலே பெருமையாகச் சொல்லும். பொய்யில்லை. 1920களில் மார்வார் வறட்சியில் வாடியபோது குடிகள் வேலை கேட்டார்கள். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை அந்தக் கட்டுமானத்தில் கூலி பெற்றார்கள். செலவு ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய். சாந்தில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிய மணற்கற்களை அவர்கள் செதுக்கிச் சுமந்தார்கள். கூலி கிடைத்தது, உயிர் தப்பியது, எல்லாம் சரி. ஆனால் பஞ்சம் வந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேல் செலவழிக்க முடிந்த அரசு, அதை ஏரியும் வாய்க்காலும் வெட்டாமல் ஒரு குடும்பத்தின் 347 அறைகளில் ஏன் போட்டது என்ற கேள்வியை எந்த வழிகாட்டியும் எழுப்புவதில்லை. மன்னரின் கருணை என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு அழைத்துப்போகிறார்கள். சாப்பாட்டு வேளையில் தலைப்பாகை கட்டிய பணியாளர் குனிந்து வணங்கும்போது, காசு கொடுத்தவர் ஓர் இரவுக்கு மன்னராகிறார். அந்த நாடகத்தில் கல் சுமந்தவருக்கு வேடம் கிடையாது.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி போனது. புதுக்கோட்டைத் தொண்டைமான் 1948இல் சமஸ்தானத்தை ஒப்படைத்தார். 1974இல் மாவட்டம் பிறந்தபோது அவருடைய புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமானது. முதியோர் உதவித்தொகைக்கு மனுவோடு வரும் கிழவி அரண்மனைப் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். இதைவிடப் பெரிய ஜனநாயகம் எந்தக் கோட்டையில் நடந்தது? தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகமாக எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எதிரே ஒரு பழைய பங்களாதான் நீம்ராணாக்காரர்களின் விடுதியானது. இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படுகிறது.

செட்டிநாட்டில் அரசர் இல்லை, ஆனால் கூரைப் பிரச்சினை அதேதான். பர்மாவில் சேர்த்த சொத்து 1942இல் ஜப்பானியர் வந்ததோடு கைவிட்டுப் போனது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது பேர்; ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிப்பதில்லை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. மற்றவை பல தூண் தூணாக, கதவு கதவாகப் பிரிந்து பழம்பொருள் கடைக்குப் போயின. அந்தக் கடைகளின் முன்னால் சாய்த்துவைத்திருக்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்தவர்கள், ஓட்டலாவது பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன்.

ஆகவே கோட்டை ஓட்டல்களை மூடச் சொல்லவில்லை. 1950க்கு முன் கட்டியவற்றுக்குப் ‘பாரம்பரிய விடுதி’ என்ற தகுதியை மத்திய அரசு கொடுக்கிறது. அந்தத் தகுதிக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: வாரத்தில் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில், உள்ளூர் மக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கட்டும், கட்டியவர்களின் வரலாறும் சுவரில் இருக்கட்டும். உமைத் பவனில் பாதி வழி ஏற்கெனவே இருக்கிறது. அரண்மனையின் ஒரு பகுதியில் குடும்பம் வசிக்கிறது. இன்னொரு பகுதி ஓட்டல். மூன்றாவது பகுதி சீட்டு வாங்கி யாரும் நுழையக்கூடிய அருங்காட்சியகம். ஜோத்பூர் போகிறவர்கள், அறை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்த மூன்றாவது வாசலில் நுழையுங்கள். வழிகாட்டி மன்னரின் படுக்கையறையைப் பற்றிச் சொல்லி முடித்ததும், கல் சுமந்த மூவாயிரம் பேர் அன்றைக்கு இரவு எங்கே தூங்கினார்கள் என்று கேளுங்கள்.